மருந்து வெச்சவ!

டிரிங்... டிரிங்... டிரிங்...

ஸ்டேஷன் டெலிபோன் விடாமல் அலறியது.

ஏட்டு டீ கிளாஸைக் கீழே வைக்க மனசில்லாமல் இடது கையால் ரிசீவரை எடுத்தார்.

"போலீஸ் ஸ்டேஷன்..."

"சார், மெத்தைப் பட்டறையிலேர்ந்து பேசறோம். ஒரு சூனியக்காரியப் புடிச்சுக் கட்டி வெச்சிருக்கோம்!"

ஏட்டுக்குப் புரையேறியது.

"என்னது?"

"சூனியக்காரி சார்! பட்டறை முதலாளியக் கொன்னுட்டா. மருந்து வெச்சுட்டா! நீங்க ஒண்ணும் அவசரப்பட்டு வர வேணாம். மத்ததை நாங்களே பாத்துக்கறோம். அப்புறமா ஏன் சொல்லலன்னு கேக்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்..."

லொடக்!

வைத்துவிட்டான்.

எதிர் மேஜையில் இருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு ஸ்டேஷனில் பெயர் 'கொதிப்பு'. அவளுக்கே தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு!

ஏட்டு கேட்டதை அப்படியே ஒப்பித்தார்.

"'மத்ததை'ன்னா என்ன ஏட்டு?"

"கொளுத்திடுவாங்க மேடம்."

அவ்வளவுதான். நாற்காலி பின்னால் உருண்டது. தொப்பியை எடுத்தபடியே அவள் வாசலுக்குப் பாய்ந்தாள்.

"ஆளுங்க?"

"எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்க மேடம். நீங்களும் நானும்தான்."

"போதும்! வேன் வேணும்னு கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிட்டு ஜீப்ப எடுங்க!"

ஜீப் சந்தையைக் கிழித்துக்கொண்டு பறந்தது. பட்டப்பகல். கடைகளில் வியாபாரம் ஜோராக நடந்துகொண்டிருந்தது. அதே ஊரில், நாலு தெரு தள்ளி, ஒரு பெண்ணைக் கொளுத்தத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காலத்துலயுமா மேடம் இப்படி?" ஏட்டு ஸ்டியரிங்கை ஒடித்தபடி கேட்டார்.

"எந்தக் காலத்துல இல்ல? டிரெய்னிங்ல இருந்தப்ப இதைப் பத்தித் தேடித் தேடிப் படிச்சேன் ஏட்டு. சோறு எறங்கல. பல தேசத்துல, சந்தேகப்பட்ட பொம்பளையக் கட்டித் தண்ணியில போடுவாங்களாம். மிதந்தா சூனியக்காரி. முங்கினா நல்லவ."

"முங்கினவ?"

"கயித்தை இழுத்து மேல கொண்டுவர்றதுக்குள்ள சில பேரு போயிடுவாங்க. நல்லவன்னு சொல்லிப் பொதைப்பாங்க."

"அடப்பாவிங்களா!"

"ஊசியால குத்திப் பாக்கறதுக்குன்னே ஆளுங்க இருந்தானுங்க. குத்தியும் ரத்தம் வராத எடம் இருந்தா சூனியக்காரி. காட்டிக் குடுத்தா கூலி! சில பேரோட ஊசி கைப்பிடிக்குள்ளயே போயிடுமாம். ரத்தம் எங்கேர்ந்து வரும்? இப்படியே ஆயிரக்கணக்குல கொன்னு தீத்தானுங்க."

"யாரைப் புடிப்பாங்க மேடம்?"

"தனியா இருக்கறவள. வாயாடிய. யாருக்கும் அடங்காதவள. ஒருத்தன் சொல்றது பொய்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவள."

ஏட்டு ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்ப நீங்க அந்தக் காலத்துல பொறந்திருந்தா..."

"முதல் கொள்ளி எனக்குத்தான்! பேசாம மிதிங்க!"

மெத்தைப் பட்டறை வாசலில் தலைகளாகத் தெரிந்தன.

ஜீப்பைக் கண்டதும் கூட்டம் விலகவில்லை. இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கி, லத்தியைக் குறுக்கே பிடித்து, தோளால் முட்டி வழி பண்ணிக்கொண்டு உள்ளே போனாள்.

நீளமான கூடம். சுவரோரம் தையல் மெஷின்கள். பாதி அடைத்த மெத்தைகள். காற்றெல்லாம் பஞ்சுத் தூசு. நடுவில் கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்.

தூணில் ஒரு பெண்!

மெத்தை கட்டும் சணல் கயிற்றால் கழுத்திலிருந்து கணுக்கால் வரை சுற்றியிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டிய வயசு. பட்டறைக் கத்தரிக்கோலால் தலைமுடியைக் கண்டபடி வெட்டியிருந்தார்கள். கண் மட்டும் அசைந்தது. வாய்க்குள் பஞ்சு... திணித்துத் திணித்து, இரண்டு கன்னமும் உப்பிக் கிடந்தன.

இடது கை முழுக்கக் குத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றிலிருந்தும் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது.

வலது கை மட்டும் இறுக மூடியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"யாருடா குத்தினது?"

கண்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.

தூணுக்குப் பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்த ஒரு பிள்ளைக்காரி, கையிலிருந்த கோணி ஊசியை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"நீயா? எதுக்கு?"

"ஐயாதான் மேடம் சொன்னாரு... ரத்தம் வரலன்னா சூனியக்காரின்னு..."

"அதான் வந்திருக்கே! குழாய் மாதிரி வந்திருக்கே! அப்புறம் என்ன?"

"அது... ஏமாத்து ரத்தமாம் மேடம். கண்ணுக்கு அப்படித் தெரியுமாம்."

ரத்தம் வராவிட்டாலும் சூனியக்காரி, வந்தாலும் சூனியக்காரி! இதைக் கண்டுபிடித்த மகானைப் பார்க்க வேண்டுமே!

மகானே முன்னால் வந்தார்.

கழுத்து நிறையத் தாயத்து. நெஞ்சு வரை தாடி. கரகரத்த தொண்டை. அந்த வட்டாரத்துக்கே கயிறு மந்திரித்துக் கட்டுகிற தாயத்துக்காரர். எல்லோருக்கும் 'ஐயா'.

"அம்மா, நீங்க சின்னப் பொண்ணு. இது போலீஸ் விவகாரம் இல்ல. வாய்ல இருக்கற பஞ்சை எடுத்துடாதீங்க, மந்திரம் சொல்லிடுவா. வலது கையைத் தொறந்துடாதீங்க, உள்ளதான் வெச்சிருக்கா!"

"என்னத்தை?"

"மருந்தை! முதலாளிக்கு வெச்ச மீதி!"

கூட்டத்தில் ஒருவன் கையில் பெட்ரோல் பாட்டில் இருந்தது. பைக்கிலிருந்து பிடித்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பிடுங்கி ஏட்டுவிடம் கொடுத்தாள். பின்னாலிருந்து இன்னொரு பாட்டில் மேலே எழும்பியது.

"பாடி எங்க?" என்றாள்.

உள்ளே பஞ்சறை. மூட்டைகளுக்கு நடுவே பட்டறை முதலாளி மல்லாந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. தலைமாட்டில் மனைவி. மூச்சுத் திணறிச் செத்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் தண்ணிச் சொம்பும் விசிறியும் இருந்தன.

"ஆம்புலன்ஸுக்கு யாரும் சொல்லலையா?"

"ஐயா வேணாம்னுட்டாரு மேடம். வண்டி வந்தா சூனியக் கட்டு எறங்காதுன்னாரு. தண்ணி குடுத்தேன், விசிறினேன்..."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கூடத்துக்குத் திரும்பினாள். நேரே தூணிடம் போனாள். அந்தப் பெண்ணின் வாயில் விரலை விட்டாள்.

"அம்மா! வேணாம்!" தாயத்துக்காரர் கத்தினார்.

கூட்டம் 'ஓ'வென்று பின்வாங்கியது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

பஞ்சு பிடி பிடியாக வந்தது. எச்சிலும் ரத்தமும் கலந்த பஞ்சு. கடைசிப் பிடி வந்ததும் அந்தப் பெண் இருமினாள். நெஞ்சே வெளியே வந்துவிடும்போல இருமினாள்.

வாயைத் திறந்தாள். வந்தது மந்திரம் இல்லை.

"தம்பிக்கு... தம்பிக்கு இழுப்பு நின்னுடுச்சா?"

காதைப் பொத்தியிருந்த கைகள் மெதுவாக இறங்கின.

"மருந்து என் கையிலதாம்மா இருக்கு. வெரல் மடங்கிப் போச்சு, பிரிக்க வரல. எடுத்துக் குடுங்கம்மா சீக்கிரம்..."

இன்ஸ்பெக்டர் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

உள்ளே... ஒரு பம்ப்!

இழுப்பு வந்தால் வாயில் வைத்து அடிக்கிற பம்ப். மருந்துக்கடையில் ஒட்டித் தரும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"நீங்க யாரு?"

"அவன் அக்காம்மா. கூடப் பொறந்தவ. மாடில இருக்கேன். சட்டைப் பையில இருக்கறது தீர்ந்து போச்சுக்கான்னு சொன்னான். காலைல போய் வாங்கியாந்தேன். லோடு ஏத்தற அவசரத்துல இருந்தான். 'மருந்து என்கிட்ட இருக்குடா, வேணும்னா ஒரு குரல் குடு'ன்னு சொல்லிட்டு மேல போனேன். திணறுற சத்தம் கேட்டுது. ஓடியாந்தேன். படிக்கட்டுலயே மறிச்சுட்டாங்க. எதுக்குன்னே தெரியல. வாயைத் தொறந்தேன், பஞ்சை வெச்சு அடைச்சுட்டாங்க. அவன் திணறுறது கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா... இப்ப கேக்கல. நின்னுடுச்சுதானே?"

இன்ஸ்பெக்டர் பஞ்சறைப் பக்கம் திரும்பினாள்.

பஞ்சறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மனைவிதான் பதில் சொன்னாள். தலையில் அடித்துக்கொண்டு ஒரு அலறல். அதிலேயே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

அக்கா அழவில்லை. தூணோடு தூணாக நின்றாள்.

"பாத்தீங்களாடா!" இன்ஸ்பெக்டர் பம்பைத் தூக்கிக் காட்டினாள். அவள் குரல் உடைந்தது, கோபத்தில். "இதான்டா மருந்து! அந்த ரூமுக்கும் இந்தத் தூணுக்கும் எட்டிப் புடிக்கற தூரம்! குடுக்க வந்தவளைக் கட்டிப் போட்டு, அந்த மனுஷனைத் துடிக்கத் துடிக்கக் கொன்னுருக்கீங்க!"

தலைகள் குனிந்தன. பெட்ரோல் பாட்டில் கீழே இறங்கியது.

அப்போது பார்த்து தாயத்துக்காரர் சிரித்தார்!

"அவளே ஒத்துக்கிட்டா, பாருங்க! அந்த டப்பாவுலதான் வெச்சிருக்கா!"

"யோவ்! உறையே பிரிக்கல!"

"பிரிக்காத உறைக்குள்ள போறதுதாம்மா சூனியம்!"

கூட்டம் 'ஆமால்ல' என்றது!

இன்ஸ்பெக்டருக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அது மட்டுமில்ல மேடம்..." தடியான ஒருவன் முன்னால் வந்தான். முதலாளியின் மச்சான்காரன், மனைவிக்கு அண்ணன். அக்காவைத் தூணில் கட்டியது அவன்தான். "மாப்ளையே அவரு வாயால சொல்லியிருக்காரு. 'அக்கா மருந்து வெச்சுட்டா'ன்னு. சாகப்போற மனுஷன் பொய் சொல்வாரா?"

மறுபடி சூடு ஏறியது. 'கொளுத்துங்கடா' என்று ஒரு குரல். 'மேடத்தை வெளிய இழுங்கடா' என்று இன்னொரு குரல். பாட்டில் மறுபடி மேலே போனது. ஏட்டு இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்தார்.

"வேன் வர்ற வரைக்கும் தாங்காது மேடம். தள்ளினாங்கன்னா நாமளும் சேர்ந்து எரிய வேண்டியதுதான்."

தெரியும். ரெண்டு லத்தியால் நிற்கிற கூட்டமில்லை இது. அந்த அக்கா உயிரோடு வாசலைத் தாண்ட வேண்டுமென்றால், இவர்கள் நம்புகிற ஒன்றை இவர்கள் கண்ணெதிரிலேயே உடைக்க வேண்டும்!

அவள் மச்சான்காரனின் சட்டையைப் பிடித்தாள்.

"அவர் சொன்னதை நீ காதால கேட்டியா?"

"இல்ல மேடம். நான் வாசல்ல வண்டியில மெத்தை ஏத்திட்டிருந்தேன்."

"உன் தங்கச்சி?"

"நான் பின்கட்டுல துணி துவைச்சிட்டிருந்தேன்," என்றாள் மனைவி விக்கலோடு. "அண்ணன் ஓடிவந்து சொல்லித்தான் தெரியும். நான் போறப்ப அவரால பேசவே முடியல."

"அப்ப உனக்கு யாருடா சொன்னது?"

மச்சான்காரன் தாயத்துக்காரரைக் காட்டினான்.

"ஐயாதான் தெருவுல ஓடியாந்தாரு."

தாயத்துக்காரர் கண்ணை மூடித் திறந்தார்.

"நான் வீட்ல உக்காந்திருந்தேம்மா. திடீர்னு மனசுக்குள்ள ஒரு குரல். 'அக்கா மருந்து வெச்சுட்டா... அக்கா மருந்து வெச்சுட்டா'ன்னு. ஞானத்துல கேட்டுச்சு. பதறி ஓடியாந்தேன்."

"ஞானத்துல?"

"ஞானத்துல!"

அந்த நேரம்...

எங்கேயோ ஒரு செல்போன் அடித்தது!

பஞ்சறைக்குள்ளிருந்து. அமுங்கிய சத்தம். இன்ஸ்பெக்டர் உள்ளே ஓடினாள். பிணத்துக்குப் பக்கத்தில் குவிந்திருந்த பஞ்சுக்குள் கையை விட்டுத் துழாவினாள். முதலாளியின் போன்! கதவை ஒருக்களித்துவிட்டு, காதில் வைத்தாள்.

"ஹலோ! என்னய்யா பாதியிலேயே போயிட்டீங்க? இழுப்பு நின்னுச்சா?"

"இன்ஸ்பெக்டர் பேசறேன். நீங்க யாரு?"

"போலீசா? நான் பஞ்சு வியாபாரிங்கம்மா, வெளியூரு. காலைல லோடு விஷயமாப் பேசிட்டிருந்தோம். திடீர்னு அவருக்கு இழுப்பு வந்துடுச்சு. போன் கீழ விழுந்த மாதிரி சத்தம்..."

"அப்புறம் என்ன கேட்டுச்சு? ஒரு எழுத்து மாறாமச் சொல்லுங்க."

"'அக்கா மருந்து வெச்சிருக்கா, கூப்பிடு... கூப்பிடு'ன்னாரு."

இன்ஸ்பெக்டர் போனைக் காதோடு அழுத்தினாள்.

"வெச்சுட்டாவா? வெச்சிருக்காவா?"

"வெச்சிருக்காம்மா! மருந்து அக்காகிட்ட இருக்கு, கூப்பிடுன்னாரு. இதுல என்ன சந்தேகம்?"

ஒரே ஒரு வார்த்தையின் வால்! வெச்சுட்டா என்றால் கொலைகாரி. வெச்சிருக்கா என்றால் காப்பாற்றப் போகிறவள். நடுவில் யாரோ அந்த வால் நுனியை மட்டும் திருகி விட்டிருக்கிறார்கள். அதில் ஒரு உயிர் போயாயிற்று. இன்னொரு உயிர் தூணில் நிற்கிறது.

"யார்கிட்ட சொன்னாரு?"

"பக்கத்துல ஒரு ஆம்பளை இருந்தாரும்மா. 'பதறாதீங்க, நான் போய்க் கூப்பிடறேன்'ன்னாரு. கதவு சாத்தற சத்தம் கேட்டுது. அப்புறம் லைன் போயிடுச்சு. ஆளுதான் இருக்காங்களேன்னு நானும் விட்டுட்டேன்."

"அந்தக் குரலைத் திரும்பக் கேட்டா தெரியுமா?"

"நல்லாத் தெரியும்மா. தொண்டையில மண்ணு போட்ட மாதிரி இருந்துச்சு."

"லைனை வெச்சுடாதீங்க. நல்லாக் கேளுங்க. அந்தக் குரல்தான்னு நிச்சயமாத் தெரிஞ்சா மட்டும் வாயைத் தொறங்க."

ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனைச் சட்டையின் மார்புப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

வந்தவள் நேராகத் தாயத்துக்காரர் எதிரில் போய்...

கையைக் கூப்பினாள்!

"ஐயா... தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுடுங்க."

ஏட்டுக்கு மயக்கமே வந்துவிட்டது. கொதிப்பாவது, கும்பிடுவதாவது!

"உள்ள போய்ப் பாத்ததுலேர்ந்து எனக்கே ஒரு மாதிரி இருக்குங்கய்யா. நீங்க சொல்றது நெஜம்தான்னு தோணுது. ஆனா நான் மேல பதில் சொல்லணும். ஞானத்துல கேட்டீங்களே, அங்க நடந்ததும் கண்ணுல வந்திருக்குமே? இத்தனை பேரு முன்னாடி சொல்லிடுங்க. சொல்லிட்டீங்கன்னா இந்தப் பொம்பளைய உங்ககிட்டயே விட்டுட்டு நான் போயிடறேன்."

தூணிலிருந்த அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

தாயத்துக்காரர் தாடியைத் தடவினார். ஒரு கணம் தயங்கினார்.

"எதுக்கும்மா அதெல்லாம்..."

"சொல்லுங்க ஐயா!" கூட்டம்தான் விடவில்லை. "மேடமே கேக்கறாங்க! உங்க சக்தியக் காட்டுங்க ஐயா!"

தெரியாது என்று சொல்ல முடியுமா? சொன்னால் நாளைக்கு யார் கயிறு கட்டிக்கொள்ள வருவார்கள்?

கண்ணை மூடினார். கழுத்துத் தாயத்துகளை ஒரு உலுக்கு உலுக்கினார்.

"தெரியுது... தெரியுது! பஞ்சு மூட்டை மேல சாயறார். மூச்சுக்குத் தவிக்கறார். சட்டைப் பையைத் தடவறார். ஒரு டப்பா... வாயில வெச்சு அமுக்கறார்... வரல! காலி! கோவத்துல வீசறார். பின் கதவோரம், கடைசி மூட்டைக்குப் பின்னாடி போய் விழுது!"

"ஏட்டு, பாருங்க!"

ஏட்டு உள்ளே போனார். மூட்டை புரளும் சத்தம். திரும்பி வந்தபோது கைக்குட்டைக்குள் ஒரு பழைய பம்ப் இருந்தது.

"அவர் சொன்ன எடத்துலயேதான் மேடம்..."

கூட்டம் சிலிர்த்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள்கூட உண்டு.

"அப்புறம் ஐயா?" இன்ஸ்பெக்டர் பவ்யமாகக் கேட்டாள்.

"அப்புறம்தாம்மா அந்த வார்த்தை! 'அக்கா மருந்து வெச்சுட்டா'!"

"பக்கத்துல யாராவது இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்ல. பாவம், தன்னந்தனியா..."

"ஒருத்தரும் இல்லன்னா யார்கிட்டய்யா சொன்னாரு?"

"என்கிட்ட! அங்கேர்ந்து என் மனசுகிட்ட சொன்னாரு!"

"இந்தக் குரல்தாம்மா!!"

இன்ஸ்பெக்டரின் நெஞ்சிலிருந்து ஒரு குரல் கத்தியது!

கூட்டம் அலறிக்கொண்டு ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. பிள்ளைக்காரியின் கையிலிருந்த ஊசி கீழே விழுந்தது.

"இதே ஆளுதாம்மா! 'பதறாதீங்க, நான் போய்க் கூப்பிடறேன்'ன்னது இந்த ஆளேதான்! 'அக்கா மருந்து வெச்சிருக்கா, கூப்பிடு'ன்னு அவர் கெஞ்சினாரு. யோவ், நீ கூப்பிடலையாய்யா? மருந்து குடுக்கலையா?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து போனை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தாள். சாந்தம், பவ்யம் எல்லாம் போன இடம் தெரியவில்லை.

"கேட்டீங்களாடா எல்லாரும்? கூடவே நின்னுருக்கான்! இழுத்துக்கிட்டுக் கெடந்தவர் கையை நீட்டிக் கேட்டது உதவி. இவன் வெளிய வந்து சொன்னது சூனியம்! 'வெச்சிருக்கா'வ 'வெச்சுட்டா'ன்னு மாத்திட்டான். நீங்க கயித்தை எடுத்துட்டீங்க!"

தாயத்துக்காரர் ஒரு அடி பின்வாங்கினார்.

"அவன் யாரோ பொய் சொல்றான்... நான் ஞானத்துலதான்..."

"சரி, ஞானம்னே வெச்சுக்குவோம். அப்ப அவர் மருந்து கேட்டதும் உன் ஞானத்துக்குத் தெரியும். தெரிஞ்சே சாக விட்டிருக்கே. இல்ல, ரூமுக்குள்ள இருந்தியா? அப்பவும் தெரிஞ்சே சாக விட்டிருக்கே. எது வசதி? சொல்லு!"

பதில் சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

"ஐயோ!" என்று கத்தியது பிள்ளைக்காரி. "டப்பா விழுந்த எடம் வரைக்கும் வீட்ல உக்காந்தே பாத்திருக்கானே! அப்ப... இவன்தான்டி சூனியக்காரன்!"

"ஆமா! இவன்தான் வெச்சுட்டான்!"

"புடிங்கடா! கொளுத்துங்கடா!"

அதே கூட்டம். அதே பாட்டில். ஆள் மட்டும் மாறிவிட்டது!

மச்சான்காரன் தாடியைக் கொத்தாகப் பிடித்தான். யாரோ சணல் கயிற்றைக் கொண்டுவந்தார்கள். இன்னொருவன் பஞ்சை அள்ளிக்கொண்டு வாயை நோக்கி வந்தான். தாயத்துக்காரர் வெட்டிக்கொண்டு ஓடிவந்து இன்ஸ்பெக்டரின் காலைக் கட்டிக்கொண்டார்.

"மேடம்! காப்பாத்துங்க மேடம்! எனக்கு ஒரு சக்தியும் இல்ல! ஞானமும் இல்ல, மண்ணும் இல்ல! எல்லாம் பித்தலாட்டம்! பின் கதவு வழியா வந்தேன். ரூமுக்குள்ளதான் நின்னேன். கண்ணால பாத்தேன், காதால கேட்டேன்!"

"எதுக்கு வந்தே?"

"அந்தப் பொம்பளை மேல பிராது சொல்ல வந்தேன் மேடம்! அதோ, அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல்னு நான் கயிறு கட்டினேன். இவ நடுத்தெருவுல கத்தரிக்கோலால வெட்டி எறிஞ்சுட்டு, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டா. பிள்ளை பொழைச்சுடுச்சு! அதுலேர்ந்து என்கிட்ட ஈ காக்கா வரல. உங்க அக்கா வாயை அடக்குங்கன்னு சொல்லத்தான் வந்தேன். வந்த எடத்துல அவர் அப்படிச் சொன்னாரு... ஒரு வார்த்தைய மாத்தினா இவ ஒழிஞ்சான்னு தோணுச்சு... அவர் செத்துடுவாருன்னு நினைக்கல மேடம்!"

"நினைக்கலையா? மூச்சுக்குத் துடிக்கறதைப் பாத்துட்டு, கதவை வேற சாத்திட்டுப் போயிருக்கே!"

அவளுக்கு அந்த ஆளைக் காலால் உதறி அந்தக் கூட்டத்துக்குள்ளேயே எறிந்துவிடலாம் என்றிருந்தது. நிஜமாகவே இருந்தது. ஆனால் லத்தியை ஓங்கியது கூட்டத்தைப் பார்த்து!

"ஒரு அடி முன்னால வந்தீங்க, மண்டை பொளந்துடும்! வெக்கமா இல்ல? இப்பத்தானேடா ஒருத்திய இப்படிக் கட்டினீங்க! கயிறு இன்னும் அவுக்கக்கூட இல்ல, அதுக்குள்ள அடுத்த ஆளா? இவனை உரிச்சுத் தொங்கவிட எனக்கும்தான் கை துறுதுறுங்குது. அதுக்கு ஜட்ஜ் இருக்காரு. உங்க பெட்ரோலு ஒண்ணும் தேவையில்ல!"

வாசலில் சைரன் கேட்டது. வேன்! காக்கிச் சட்டைகள் உள்ளே நுழைந்தன. பாட்டில் ஒரு மூலையில் உருண்டது. தாயத்துக்காரர் கையில் விலங்கு விழுந்தது. அதை மாட்டிக்கொண்டபோது அவர் முகத்தில் தெரிந்தது பயம் இல்லை, நிம்மதி!

ஏட்டு கயிற்றை அறுத்தார். அக்கா அப்படியே சரிந்தாள். தாங்கிப் பிடித்தவர்களை விலக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பஞ்சறைக்குப் போனாள். தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தம்பி மனைவி அவள் காலடியில் விழுந்து கதறினாள். அக்கா அவளைப் பார்க்கவுமில்லை, தள்ளவுமில்லை.

பிள்ளைக்காரி வாசற்படியில் வந்து நின்றாள். முந்தானையை ரெண்டு கையிலும் ஏந்தினாள்.

"அக்கா... தெரியாமப் பண்ணிட்டோம்க்கா. கோவத்துல சாபம் மட்டும் விட்டுடாதீங்கக்கா. பிள்ளைக் குட்டிக்காரிக்கா நான்..."

இவ்வளவு ஆன பிறகும்! மன்னிப்புக் கேட்க வந்தவள்கூட சூனியக்காரியிடம்தான் கேட்கிறாள்!

அக்கா தலையை நிமிர்த்தினாள். குத்துப்பட்ட இடது கையை நீட்டிக் காட்டினாள்.

"இந்தக் கையிலதான்டி உன் பிள்ளையத் தூக்கிட்டு ஓடினேன். தேடிப் பாத்து இதுலேயே குத்தியிருக்கே. எனக்கு மட்டும் நீ நினைக்கற சக்தி இருந்திருந்தா, சாபம் விட்டா நேரத்தை வீணாக்குவேன்? என் தம்பிய இல்ல எழுப்பியிருப்பேன்!"

பிள்ளைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

கூடத்தில் கூட்டம் சத்தமில்லாமல் கரையத் தொடங்கியிருந்தது. செருப்பைத் தேடுகிறவன், கடையைத் திறந்துபோட்டு வந்தேன் என்று முனகுகிறவன்... மச்சான்காரன் ஒரு கால் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டான்.

"ஏட்டு! கதவைச் சாத்துங்க!" இன்ஸ்பெக்டரின் குரல் கூரையை இடித்தது. "ஒருத்தரும் நகரக் கூடாது! கட்டினவன், வெட்டினவன், அடைச்சவன், குத்தினவ, பாட்டில் தூக்கினவன், நின்னு வேடிக்கை பாத்து கொளுத்துன்னவன்... எல்லார் மேலயும் கேஸு!"

"மேடம்..." மச்சான்காரன் அசடு வழிந்தான். "எல்லாத்துக்கும் காரணம் அந்த ஆளுதானே? நாங்க அவன் பேச்சைக் கேட்டு ஏமாந்தவங்க. அதோட மேடம், வேன்ல அந்த ஆளும் பாடியும் போகும். ஜீப்புல உங்களுக்கும் அக்காவுக்கும்தான் எடம். இத்தனை பேரை எதுல ஏத்துவீங்க? நாங்க நாளைக்கு நிதானமா வந்து..."

இன்ஸ்பெக்டர் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"வண்டி எதுக்குய்யா? ஒரு பொம்பளையக் கொளுத்தறதுக்கு இத்தனை பேரும் ஊர்வலமாத்தானே வந்தீங்க... அப்படியே வரிசை கலையாம ஸ்டேஷனுக்கு நடங்க!"